கம்பம் பள்ளத்தாக்கில் கெசதியா: நம்ம ஊர் மாட்டுக்கறி ஏன் 'ஸ்டேக்' ஆக மறுக்கிறது? வீட்டில் செய்வது எப்படி?

யூடியூப்பில் பார்த்தால் மூன்று நிமிஷ வேலை. சூடான கல்லில் கறித்துண்டைப் போடுகிறார்கள், ஒரு திருப்பு திருப்புகிறார்கள், மெல்லிசாக அரிந்து, சீஸோடு ரொட்டிக்குள் மடித்து, இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி எடுக்கிறார்கள். வெட்டும்போது சீஸ் நூல் நூலாக இழுக்கிறது. பேர் 'ஸ்டேக் கெசதியா'.

அதையே ஞாயிற்றுக்கிழமை தேனியிலோ சின்னமனூரிலோ கறி வாங்கி வந்து அப்படியே செய்து பாருங்கள். வாசனை பிரமாதமாக வரும். கடித்தால்தான் சிக்கல். கறி ரப்பர் மாதிரி இழுக்கும். மொத்த ரொட்டியும் ஒரே கடியில் வாயோடு வந்துவிடும். தட்டில் சீஸ் மட்டும் மிஞ்சும்.

"நமக்குச் சமைக்கத் தெரியலை" என்று முடிவு கட்ட வேண்டாம். வீடியோவில் இருப்பது வேறு மாடு, நம் கடையில் தொங்குவது வேறு மாடு. வித்தியாசத்துக்குக் காரணம் சட்டம், விவசாயம், மாட்டின் வயசு. இதைப் புரிந்துகொண்டால், கம்பம் பள்ளத்தாக்கில் கிடைக்கும் சாமான்களை வைத்தே அருமையான கெசதியா செய்யலாம்.

கெசதியா என்றால் என்ன?

மெக்சிகோவின் வீதி உணவு. 'கெசோ' என்றால் ஸ்பானிஷ் மொழியில் பாலாடைக்கட்டி, அதாவது சீஸ். அதிலிருந்து வந்த பெயர். மெனு கார்டில் 'கேசடில்லா' என்று போட்டிருப்பார்கள். ஸ்பானிஷில் இரட்டை 'எல்' வந்தால் 'ய' என்று உச்சரிக்க வேண்டும் என்பதால், கெசதியா என்பதே சரிக்குப் பக்கம்.

அடிப்படை ரொம்பச் சுலபம். 'தோர்த்தியா' என்ற மெல்லிய ரொட்டி. அதற்குள் சீஸ். கூடவே கறி, காளான், பூசணிப்பூ என்று எது வேண்டுமானாலும். பாதியாக மடித்துக் கல்லில் வாட்டினால் முடிந்தது. மதுரைக் கறிதோசைக்கு இது தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே தோசை மேல் முட்டையும் கறியும் ஒட்டிக்கொள்கின்றன. இங்கே ரொட்டியையும் கறியையும் சீஸ் பசை மாதிரி ஒட்டவைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1521-ல் ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடிக்கும் வரை அங்கே மாடு கிடையாது, சீஸ் கிடையாது, கோதுமையும் கிடையாது. மக்காச்சோளமும் மிளகாயும் தக்காளியும்தான் இருந்தன. அதே காலத்தில் நம் பக்கம் மாடும் பாலும் நெய்யும் இருந்தன; மிளகாயும் தக்காளியும் இல்லை. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் கால் வைத்ததற்குப் பிறகு போர்ச்சுகீசியக் கப்பல்கள் வழியாகத்தான் மிளகாய் நமக்கு வந்தது. அவர்களுக்கு மாடு போன கதையும் நமக்கு மிளகாய் வந்த கதையும் ஒரே கடல் வணிகத்தின் இரண்டு பக்கங்கள். ஆகவே, மாட்டுக்கறி, மிளகாய், தக்காளி மூன்றும் சேர்ந்த ஒரு பண்டம் நமக்கு அந்நியமாகத் தெரிய வேண்டியதில்லை.

'ஸ்டேக்' என்பது எந்தக் கறி?

ஸ்டேக் என்பது தனி உணவின் பெயர் இல்லை. வெட்டும் முறையின் பெயர். மாட்டின் உடலில் அதிகம் வேலை செய்யாத தசைகளிலிருந்து, குறிப்பாக முதுகுப் பகுதியிலிருந்து, நாருக்குக் குறுக்கே கனமாக வெட்டிய துண்டு. வேலை செய்யாத தசை மிருதுவாக இருக்கும். அதனால் அதிகச் சூட்டில், குறைந்த நேரத்தில் வெந்துவிடும்.

ஏறக்குறைய எல்லா வெளிநாட்டு ஸ்டேக் வீடியோவிலும் இருப்பது கறிக்காகவே வளர்த்த மாடு. தீவனம் போட்டு, பெரும்பாலும் இரண்டு வயசைச் சுற்றி வெட்டிவிடுவார்கள். அது ஏர் உழுததில்லை, வண்டி இழுத்ததில்லை.

நம் ஊரில் நிலைமை நேர் எதிர். தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958 என்ன சொல்கிறது என்றால், ஒரு மாடு 10 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், அதோடு வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதி இழந்திருக்க வேண்டும். அல்லது காயம், நோய் போன்றவற்றால் நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். அப்படி என்று சான்று கிடைத்தால்தான் வெட்டலாம். இது போக, பசுவையும் கிடேரியையும் வெட்டக் கூடாது என்று 1976 ஆகஸ்ட் 30 தேதியிட்ட அரசாணை இருக்கிறது.

ஆக, சட்டப்படி நம் கறிக்கடைக்கு வரும் மாடு, உழைத்து ஓய்ந்த மாடு. அந்தக் கறியை மூன்று நிமிஷத்தில் வேகச் சொல்வது நியாயமே இல்லை.

வயசான மாட்டின் கறி ஏன் கெட்டியாகிறது?

தசை நார்களைக் கட்டுக்கட்டாகப் பிணைத்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். இளம் மாட்டில் இந்தப் பிணைப்பு லேசாக இருக்கும். சூடு பட்டால் சீக்கிரம் இளகும். வயசு ஏற ஏற கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் கூடிக்கொண்டே போகும். அப்போது சூட்டுக்கு அது அவ்வளவு எளிதில் மசியாது.

கல்லில் போட்டதும் இரண்டு விஷயங்கள் போட்டி போடுகின்றன. ஒன்று, சுமார் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தசை நார்கள் இறுகி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன, கறி வறள்கிறது. இரண்டு, கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் கறி மெத்தென்று ஆகும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். கல்லில் போட்ட மூன்று நிமிஷத்தில் முதல் விஷயம் நடந்து முடிந்துவிடுகிறது. இரண்டாவது தொடங்குவதே இல்லை. ரப்பர் கறியின் ரகசியம் இதுதான்.

தீர்வு இரண்டு வகை. நாரைச் சின்னதாக வெட்டிவிடுவது ஒரு வழி. கொலாஜனுக்கு வேண்டிய சூட்டையும் நேரத்தையும் கொடுப்பது இன்னொரு வழி. முதலாவதற்குக் கத்தி போதும். இரண்டாவதற்கு நம் வீட்டுக் குக்கர் இருக்கிறது.

கறிக்கடையில் என்ன கேட்பது?

நம் கடைகளில் கேட்காமலே குழம்புக்கு ஏற்ற மாதிரி சின்னத் துண்டுகளாகப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கெசதியாவுக்கு அது உதவாது. நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாமல் போய்விடும். அதனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்:

"அண்ணே, எலும்பு இல்லாம, ஒரே துண்டா அரைக்கிலோ குடுங்க. வெட்ட வேண்டாம்."

'அண்டர்கட்' கிடைத்தால் அதிர்ஷ்டம். முதுகெலும்புக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் நீளமான தசை அது. மாட்டுக்கு அதிகம் வேலை இல்லாத பகுதி என்பதால் வயசான மாட்டில்கூட ஓரளவு மிருதுவாக இருக்கும். ஒரு மாட்டில் கொஞ்சம்தான் தேறும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. கிடைக்கவில்லை என்றால் தொடைக்கறி வாங்குங்கள். அதற்கும் வழி இருக்கிறது.

பார்க்க வேண்டியவை மூன்று: நிறம் சிவப்பாக இருக்க வேண்டும், பச்சையோ சாம்பலோ ஓடக் கூடாது. விரலால் அமுக்கினால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. புளித்த வாடை வந்தால் வாங்கவே கூடாது.

வாங்கிய கறி வெயிலில் ஊர் சுற்றக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். சித்திரை வெயிலில் தேனியில் காலை பத்து மணிக்கே அந்தச் சூடு வந்துவிடும்.

தேவையான பொருட்கள் (6 கெசதியா, மூன்று பேருக்கு)

ரொட்டிக்கு: கோதுமை மாவு 1 கப், மைதா 1 கப், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், சூடான தண்ணீர் சுமார் முக்கால் கப்.

கறிக்கு: எலும்பில்லாத மாட்டுக்கறி 500 கிராம், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், வறுத்துப் பொடித்த சீரகம் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், பூண்டு 4 பல், உப்பு 1 டீஸ்பூன், எலுமிச்சை பாதி, எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன்.

கூட வதக்க: பெரிய வெங்காயம் 1, குடைமிளகாய் 1, இரண்டையும் நீளவாக்கில் மெல்லிசாக நறுக்கியது.

சீஸ்: மொசரெல்லா 250 கிராம், துருவியது.

முதல் வேலை: ரொட்டி

'பரோட்டா வாங்கி வந்து அதிலேயே செஞ்சா என்ன?' என்று தோன்றும். செய்யலாம், சாப்பிடவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பரோட்டாவில் அடுக்கு அடுக்காக எண்ணெய் இருக்கிறது. சீஸின் கொழுப்பும் சேர்ந்தால் இரண்டு துண்டிலேயே திகட்டும். அடுக்கு பிரிந்து, உள்ளே இருப்பது வெளியே கொட்டும். கெசதியாவுக்கு அடுக்கில்லாத, மெல்லிய, மடித்தால் உடையாத ரொட்டி வேண்டும்.

மாவில் உப்பையும் எண்ணெயையும் போட்டு, விரல் நுனியால் பிசிறுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். சூடான தண்ணீரில் பிசைந்தால் ரொட்டி ஆறிய பிறகும் விறைக்காது. ஆறு உருண்டைகளாக்கி, சப்பாத்தியைவிட மெல்லிசாக, சுமார் எட்டு அங்குலத்துக்குத் தேயுங்கள். நல்ல சூடான கல்லில் எண்ணெய் விடாமல் ஒரு பக்கத்துக்கு 30 முதல் 40 வினாடி போதும். இப்போதே முறுகவிட வேண்டாம். இன்னொரு முறை கல்லுக்குப் போகப்போகிறது. சுட்டதை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் துணியில் சுற்றி வையுங்கள். அந்த ஆவியிலேயே மெத்தென்று ஆகிவிடும்.

மக்காச்சோளத்தில் செய்ய முடியாதா?

முடியும். மத்திய, தெற்கு மெக்சிகோவில் மக்காச்சோளத் தோர்த்தியாதான் வழக்கம். கோதுமைத் தோர்த்தியா வட மெக்சிகோ பழக்கம். தேனி மாவட்டத்திலும் மக்காச்சோளம் விளைகிறது. பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது.

ஆனால் கடையில் விற்கும் மக்காச்சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஒட்டாது, விரிசல் விடும். மெக்சிகோக்காரர்கள் ஒரு வேலை கூடுதலாகச் செய்கிறார்கள். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி, பிறகு ஈரமாக அரைக்கிறார்கள். சுண்ணாம்பு தோலைக் கரைக்கிறது, மாவுக்குப் பிசுக்கு தருகிறது. அதைவிட முக்கியம், தானியத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற பி-3 வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோய், இந்த முறையைக் கொண்டுபோகாத ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் அதையே முக்கிய உணவாக நம்பியிருந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், கடைசியில் மரணம் வரை கொண்டுபோன நோய் அது.

முயன்று பார்க்க விரும்பினால்: ஒரு கிலோ சுத்தமான காய்ந்த மக்காச்சோளத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர், 10 கிராம் உணவுத் தரச் சுண்ணாம்பு. தோல் கழன்று வரும்வரை, சுமார் முக்கால் மணி நேரம், கொதிக்கவிட்டு இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் நாலைந்து தண்ணீரில் அலசி, கிரைண்டரில் கெட்டியாக அரையுங்கள். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. தீவனத்துக்கு வைத்திருந்த, பூஞ்சணம் பிடித்த சோளமும் கூடாது. அந்தப் பூஞ்சை விடும் நஞ்சு சமைத்தாலும் போகாது.

இரண்டாவது வேலை: கறி

உங்கள் கையில் இருப்பது அண்டர்கட்டா, தொடைக்கறியா என்பதைப் பொறுத்து இரண்டு வழி.

அண்டர்கட் என்றால்: துண்டை ஃப்ரீசரில் 40 நிமிஷம் வையுங்கள். பாதி இறுகியதும் வெட்டச் சுலபமாக இருக்கும். நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு அரியுங்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாரோடு சேர்த்து வெட்டினால் ஒவ்வொரு துண்டும் கயிறு. குறுக்கே வெட்டினால் அதே கயிறு சின்னச் சின்னத் துணுக்கு.

அடுத்து, பப்பாளிக் காய். தோலோடு அரைத்த விழுது ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து, மசாலாவோடு பிசறி அரை மணி நேரம் வையுங்கள். காயின் பாலில் இருக்கும் பப்பெய்ன் என்ற நொதி புரதத்தை வெட்டிவிடும். 'அதிகம் போட்டால் அதிகம் நல்லது' என்று இரவெல்லாம் ஊறவைத்தால் கறி கூழாகிவிடும். பப்பாளி இல்லையா? முக்கால் டீஸ்பூன் சமையல் சோடாவைக் கறியில் தடவி 15 நிமிஷம் வைத்து, கழுவி, ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு மசாலா போடுங்கள். காரத்தன்மை கூடுவதால் நார்கள் இறுகுவது குறையும். இரண்டில் ஒன்று போதும்.

தோசைக்கல் அல்லது இரும்புச் சட்டியைப் புகை வரும் அளவுக்குக் காயவிடுங்கள். எண்ணெய் விட்டு, கறியை இரண்டு மூன்று தவணையாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கல் சூடு இறங்கி, கறி தண்ணீர் விட்டு, வறுபடாமல் வேக ஆரம்பித்துவிடும். அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் வர மேற்பரப்பு சுமார் 140 டிகிரியைத் தொட வேண்டும். தண்ணீர் நிற்கும்வரை கறி 100 டிகிரியைத் தாண்டாது. ஒவ்வொரு தவணைக்கும் மூன்று நான்கு நிமிஷம்.

தொடைக்கறி என்றால்: கல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம், குக்கரிடம் விடுங்கள். பப்பாளி, சோடா எதுவும் தேவையில்லை. கறியை நான்கு பெரிய துண்டாக்கி, உப்பு, பூண்டு, மிளகாய்த்தூள், அரை கப் தண்ணீர் சேர்த்து, ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 30 நிமிஷம் வையுங்கள். குக்கருக்குள் சூடு 120 டிகிரியை ஒட்டி இருப்பதால், திறந்த சட்டியில் மூன்று மணி நேரம் பிடிக்கும் வேலை இங்கே அரை மணியில் நடக்கும். ஆவி தானாக இறங்கட்டும். பிறகு முள்கரண்டியால் பிய்த்து, நீளமான நார்களை ஓர் அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கிவிடுங்கள். மிஞ்சிய தண்ணீரைச் சட்டியில் சுண்டவிட்டு, கறியை அதில் போட்டு, சீரகமும் மிளகும் தூவி, ஓரங்கள் முறுகும்வரை வறுங்கள். சுக்கா வறுவல் தெரிந்தவர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு.

உண்மையைச் சொன்னால், நம் ஊர்க் கறிக்கு இந்த இரண்டாவது வழிதான் சிறப்பு. சூடும் நேரமும் கிடைப்பதால் கொலாஜன் ஜெலட்டினாக இறங்கும். இளம் மாட்டுக் கறியில் வராத கெட்டியான ருசி வரும். உழைத்த மாட்டின் பலவீனமே இங்கே பலமாகிவிடுகிறது.

கடைசியாக வெங்காயத்தையும் குடைமிளகாயையும் அதே சட்டியில் அதிகத் தீயில் இரண்டு நிமிஷம் வதக்கிக் கலந்து, எலுமிச்சை பிழிந்து, ஆறவிடுங்கள். உள்ளே வைக்கும் கலவை ஈரமாக இருந்தால் ரொட்டி நமுத்துப்போகும்.

மூன்றாவது வேலை: சீஸ்

'பனீர் போடலாமா?' என்பதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. போடலாம், ஆனால் உருகாது. கொதிக்கும் பாலில் எலுமிச்சை ஊற்றித் திரிப்பதால், புரத வலையைப் பிடித்து நெகிழவைக்கும் சுண்ணாம்புச் சத்து பெருமளவு வெளியேறிவிடுகிறது. புரதங்கள் ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. எவ்வளவு சூடாக்கினாலும் பனீர் பனீராகவே நிற்கும். மொசரெல்லா அப்படியில்லை, இளகி நூலாக இழுக்கும். கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவுங்கள். துருவி பாக்கெட்டில் வருவதில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். அது உருகுவதைக் கெடுக்கும்.

ரொட்டியின் ஒரு பாதியில் சீஸ், அதன் மேல் கறி, அதன் மேல் மறுபடி சீஸ். மேலும் கீழும் சீஸ் இருந்தால்தான் இரண்டு பக்க ரொட்டியும் ஒட்டும். மடித்து, மிதமான தீயில், கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ தடவிய கல்லில் வைத்து, தட்டையான கரண்டியால் லேசாக அழுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு, இரண்டரை நிமிஷம். தீ அதிகமானால் வெளியே கருகும், உள்ளே சீஸ் உருகாது. எடுத்ததும் வெட்டக் கூடாது. ஒரு நிமிஷம் பொறுத்தால் சீஸ் வெளியே ஓடாமல் நிற்கும்.

தொட்டுக்க என்ன?

தக்காளி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு. பொடியாக நறுக்கிக் கலந்தால் சல்சா ரெடி. கம்பம் பள்ளத்தாக்கு ஆட்களுக்கு ஒரு யோசனை: தக்காளியில் பாதியைக் குறைத்து, பன்னீர் திராட்சையை விதை எடுத்து நறுக்கிச் சேருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் இனிப்பும் புளிப்பும் மாட்டுக்கறியின் கொழுப்பைச் சரியாக வெட்டும். வருஷம் முழுக்கக் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி.

மயோனைஸ் வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள்தான் காரணம். கெட்டித் தயிரைத் துணியில் வடிகட்டி உப்பும் எலுமிச்சையும் சேர்த்தால் மெக்சிகோவின் புளிப்பு க்ரீமுக்கு ஈடாகும்.

கறியைப் பாதி வேக்காட்டில் சாப்பிடலாமா?

வேண்டாம். வெளிநாட்டில் ஸ்டேக்கை உள்ளே சிவப்பாகச் சாப்பிடுகிறார்கள் என்றால், அங்கே வெட்டிய நேரத்திலிருந்து தட்டுக்கு வரும்வரை கறி குளிரிலேயே இருக்கிறது. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் என்பதும் ஒரு காரணம். நம் கடைகளில் கறி காற்றில் தொங்குகிறது. நாமோ மெல்லிசாக அரிந்து எல்லாப் பக்கத்தையும் மேற்பரப்பாக்கிவிடுகிறோம். சரியாக வேகாத மாட்டுக்கறியில் நாடாப்புழு வரும் வாய்ப்பும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, உட்புறம் 70 டிகிரியைத் தொட வேண்டும். சிவப்பு நீர் கசியக் கூடாது, அவ்வளவுதான்.

2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு மாணவி, 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி என, ஷவர்மா சாப்பிட்ட பிறகு நடந்த மரணங்கள் நினைவிருக்கும். கறியை வாங்குவது, வைப்பது, வேகவைப்பது என மூன்றும் நம் கையில் இருக்கிறது என்பதே வீட்டுச் சமையலின் பெரிய லாபம். பச்சைக் கறி வெட்டிய பலகையில் சல்சாவுக்குத் தக்காளி வெட்டக் கூடாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உடம்புக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான், அளவைப் பொறுத்தது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாட்டுக்கறியில் இருக்கும் இரும்புச் சத்தில் ஒரு பகுதி கீரை, பருப்பில் இருப்பதைவிட உடம்பில் எளிதாகச் சேரும் வகை. பி-12 வைட்டமினும் புரதமும் கூடவே கிடைக்கின்றன. அதுவும் ஆட்டுக்கறியைவிட மிகக் குறைந்த விலையில்.

மறுபக்கம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சிவப்பு இறைச்சியைப் 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் வைத்தது. மாடு, ஆடு, பன்றி எல்லாம் இதில் அடக்கம். சமைத்த அளவில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளலாம் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. மேலே சொன்ன கணக்கில் ஓர் ஆளுக்கு வருவது சமைத்த கறி சுமார் 100 கிராம். சீஸில் உப்பும் கொழுப்பும் அதிகம் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கறியில் உப்பைக் குறைத்துவிடுங்கள்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் வீட்டில் இருந்தால்?

இதே கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று மாட்டையே தெய்வமாக வணங்கும் இடம். இதே பள்ளத்தாக்கில், ஞாயிறு காலை மாட்டுக்கறி எடுத்தால்தான் வாரம் முடிந்த மாதிரி என்று இருக்கும் வீடுகளும் உண்டு. மலையேறிக் குமுளிக்குப் போய்விட்டால் பரோட்டாவும் பீஃப் ரோஸ்ட்டும் சர்வ சாதாரணம். ஒரே ஊரில் இரண்டும் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்துவருகின்றன.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. தமிழ்நாட்டில் மாட்டுக்கறி வாங்குவதோ சமைப்பதோ சாப்பிடுவதோ குற்றம் இல்லை. 2017 மே மாதம், மாட்டுச் சந்தைகளில் வெட்டுவதற்காக மாடு விற்பதற்கு மத்திய அரசு கொண்டுவந்த கட்டுப்பாட்டுக்கு முதலில் இடைக்காலத் தடை விதித்ததே, தேனி மாவட்டத்துக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. ஆனாலும் வாடகை வீட்டில், ஆபீஸ் டிபன் பாக்ஸில், "அது என்ன கறி?" என்ற கேள்விக்கு இன்றும் பலர் மெல்லிய குரலில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது சுவையும் இல்லை, சத்தும் இல்லை, சாதி.

சாப்பிடாதவர்களை வற்புறுத்தக் கூடாது, சாப்பிடுபவர்கள் ஒளியவும் கூடாது. இரண்டுக்கும் இடம் தரும் பண்டம் இது. ரொட்டி, சீஸ், சல்சா எல்லாம் பொது. உள்ளே வைப்பது மட்டும் மாறும். ஆட்டுக்கறி என்றால் எலும்பில்லாத தொடைக்கறியை இதே முறையில் குக்கரில் 15 முதல் 20 நிமிஷம். சைவம் என்றால் காளானை உப்புப் போடாமல் அதிகத் தீயில் தண்ணீர் வற்ற வதக்கி, கடைசியில் மசாலா. தனிக் கல், தனிக் கரண்டி வைத்து, சைவத்தை முதலில் சுட்டுவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு திட்டம்

காலை ஏழு மணிக்குக் கறிக்கடை. வந்ததும் மாவு பிசைந்து மூடிவிட்டு, தொடைக்கறியைக் குக்கரில் ஏற்றுங்கள். அது வேகும் நேரத்தில் ரொட்டி தேய்த்துச் சுட்டுவிடலாம். ஆவி இறங்குவதற்குள் சல்சாவும் சீஸும் தயார். கறியைப் பிய்த்து வறுத்து ஆறவிட்டால், பசிக்கிற நேரத்தில் ஆளுக்கு ஐந்து நிமிஷத்தில் சூடாகப் போட்டுக் கொடுக்கலாம். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

கறி மிஞ்சினால், ரொட்டியில் வைக்காமல் தனியாக ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். மறுநாள் கல்லில் ஆவி பறக்கச் சூடாக்கிவிட்டுச் செய்யுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் ரொட்டி சவசவத்துவிடும். இதற்கு நம் தோசைக்கல்லை மிஞ்சிய கருவி கிடையாது.